கைமுதல்

ஹென்னிங் அவர்களுக்கு,
அக்டோபரில் வந்தது உங்கள் ஒப்பந்தம்.
பிப்ரவரியில் பதில் எழுதுகிறேன்.
தாமதத்துக்குக் காரணம் பனி.
முதலில் வராமல் இருந்தது,
பிறகு நிற்காமல் வந்தது.

ஆறு லட்சம் யூரோ என்றீர்கள்,
ஸ்டாக்ஹோமில், கண்ணாடி மேசைக்கு அந்தப்பக்கம்.
மரியாதைக்கு அங்கே எண்ணவில்லை.
ஊலு திரும்பும் விமானத்தில்
ஓசித் தண்ணீரைக் குடித்தபடி எண்ணினேன்:
ஐந்து சுழியங்கள்.

கேள்வி ஒன்றுதான் கேட்டீர்கள்.
பனி விழாத ஊர்களில்
இது எப்படி வளரும்?

வளராது.

விடிகாலைச் செய்தித்தாள் போடுகிறவள் நான்.
மணி மூன்று, மைனஸ் இருபத்திரண்டு.
அந்நேரம் எங்கள் தெருவில் விழித்திருப்பது
நானும், பனி தள்ளும் வண்டியில் தைஸ்தோவும்.
எந்த வாசல், எத்தனை மணிக்கு என்று
சிகரெட் அட்டையின் பின்பக்கம் குறித்துவைப்பார்.
மார்ச்சில் அட்டை தொலையும்.
குடியிருப்புச் சங்கம் கையை விரிக்கும்:
நீ வரவே இல்லையே.
பனி அதற்குள் உருகிப் போயிருக்கும்,
சாட்சிக்கு வராது.

அந்தச் சாட்சியைத்தான் எழுதினேன்
பதினேழு இரவில்.
வண்டி நிற்கும் இடம், நேரம்,
மாதக் கடைசியில் தானே அச்சாகும் ரசீது.
காட்டியபோது தைஸ்தோ ஒன்றும் சொல்லவில்லை,
கையுறையைக் கழற்றினார்.
ஒரு குளிர்காலத்துக்கு நூற்றைம்பது யூரோ,
டீசல் வாசனையோடு.
மறுநாள் எல்க் மான் தொடையில் பாதி,
நான் போட்ட செய்தித்தாளிலேயே சுற்றி.

நல்ல போணி.

பங்குதாரர் பட்டியல் கேட்டிருந்தீர்கள்.
எல்க் மானை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சர்வர் எங்கே என்றும் கேட்டீர்கள்.
சொல்லாமல் மழுப்பினேன்.
எங்கள் சவுனாவின் உடைமாற்றும் அறையில்,
துண்டு மாட்டும் கொக்கிக்குக் கீழே.
சனிக்கிழமைகளில் நாங்கள் வேர்க்கும்போது
கதவைச் சாத்திவிட்டு
அதற்கு மட்டும் ஜன்னலைத் திறந்துவைப்போம்.

நவம்பர் முழுக்க மழை.
மழையைத் தள்ள யாரும் வண்டி வைத்துக்கொள்வதில்லை.
வங்கியில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
கணக்கு எழுதும் ஸாய்மிக்குச் சம்பளம் போட்டேன்,
அது பன்னிரண்டாயிற்று.
அன்றிரவு, மறைப்பானேன்,
உங்கள் தாளின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன்.
பேனா உறைந்திருந்தது,
உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி
துயி
வரை எழுதினேன்.
ரே எழுதவில்லை.
ஏனென்று இன்றுவரை தெரியாது. உறுதி என்று நினைக்காதீர்கள்,
தூக்கமாகவும் இருக்கலாம்.

டிசம்பர் ஒன்பது. இரவோடிரவாக முழங்கால் வரை.
அறுபத்தொரு வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்ப
துண்டுக்கடியில் இருந்தது மூச்சை விட்டது.
ஸாய்மி அரை, நான் அரை என்று
ஒவ்வொருவராய்க் கூப்பிட்டோம்:
இன்றைக்கு மட்டும் சிகரெட் அட்டையில் குறித்துவையுங்கள்.
நான் புகைப்பதை விட்டுவிட்டேனே என்றார் ஒருவர்.
விடிய விடிய அட்டைகளைப் படமெடுத்து அனுப்பினார்கள்,
ஒருவர் முன்கையில் எழுதி, கையையே.
தட்டச்சு செய்து முடிக்கையில் வெள்ளிக்கிழமை.
இரண்டு பேர் விலகினார்கள்.
இருவர் பெயரும் தெரியும்,
ஒருவர் நாயின் பெயரும்.

ஜனவரியில் புது சர்வர் வாங்கினோம்,
பழையதன் இரு மடங்கு. அவ்வளவுதான்.
விரலுக்குத் தகுந்த வீக்கம்.
அறுபத்தொன்பது பேர் இப்போது.
உங்கள் கட்டத்தாளில் இது ஒரு கோடாகக்கூடத் தெரியாது.

நீங்கள் கெட்டவரில்லை. காப்பி நன்றாயிருந்தது.
உங்கள் பணத்துக்கு அவசரம்,
எங்கள் பனிக்கு அது கிடையாது.

ஒப்பந்தத்தின் அசலைத் திருப்பக் கேட்டிருந்தீர்கள்.
மன்னிக்கவும்.
நல்ல கனத்த தாள், பின்பக்கம் வெற்று,
டிசம்பர் கணக்கை ஸாய்மி அதில்தான் போட்டாள்.
வேண்டுமென்றால் படமெடுத்து அனுப்புகிறேன்.

மணி மூன்று பத்து.
ஜன்னலில் தைஸ்தோவின் மஞ்சள் விளக்கு சுற்றுகிறது,
திரையில் அவர் நகர்கிறார், ஒரு புள்ளி.
நானும் கிளம்ப வேண்டும்.
ஆமாம், இன்னும் போடுகிறேன்,
நூற்றுப் பத்து வீடு.

துயிரே